காகிதத்தில் ஏறிய சர்க்கரை

கரும்புச் சக்கையைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கப்போகிறாளாம் கோமளவல்லி! இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் திருத்தணியில் பாக்கி இல்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் வள்ளிநாயகி, "கடிச்சுத் துப்புன சக்கையிலே இன்னாடி இருக்குது, எச்சிதான் இருக்குது" என்றாள். சிரித்துவிட்டுப் போகட்டுமே! யார் வாயை யார் மூடுவது? கோமளவல்லியே பல சமயம் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துக் கண்ணை மூடினால் போதும், அந்தச் சக்கை மேடு வந்து எதிரே நின்றுவிடும்.

கனகம்மாசத்திரத்தில் பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கரும்புச் சாற்றைக் குழாயில் வாங்கி, அதில் எவ்வளவு இனிப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்லிவிட்டால் மிச்ச நேரம் அவளுடையது. ஜன்னலுக்கு வெளியே பாய்லர் தின்றது போக மிஞ்சிய சக்கை, வெளிறிப்போய் மேடாகக் கிடக்கும். காலை வெயில் பட்டால் அதிலிருந்து லேசாக ஆவி எழும்பும். புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இவள் மூச்சை இழுத்துவிட்டு அப்படியே நிற்பாள்.

சாறு போனாலும் சக்கையின் நார் முழுக்கச் சர்க்கரைதான். என்ன, ஒன்றோடொன்று இறுகக் கைகோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சர்க்கரை. அதனால் நாக்குக்குத் தெரியாது. ஒட்டிய சாறு போக அலசிவிட்டு, கொஞ்சம் அமிலம் கலந்த தண்ணீரில் வேகவைத்தால் கை நழுவி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும். இறங்கியது எந்தச் சர்க்கரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் அவளுக்கு உயிர் போல் பிடித்த வேலை. நீளமான வடிகட்டிக் காகிதத்தின் அடியில் ஒரு சொட்டு வைத்து, கண்ணாடி ஜாடிக்குள் மருந்தில் நுனி நனையும்படி தொங்கவிட வேண்டும். ஈரம் மெதுமெதுவாக மேலே ஏறும். கூடவே சர்க்கரைகளும் ஏறும், கிருத்திகையன்று ஜனங்கள் மலைப்படி ஏறுகிற மாதிரி. கால் லேசானவர்கள் முன்னால் போய்விடுவார்கள், மற்றவர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள். பகல் முழுக்க ஏறவிட்டு, எடுத்துக் காயவைத்து, இன்னொரு மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால் நின்ற இடத்தில் புள்ளி தெரியும். சக்கைக்கே உரிய சர்க்கரை உயரத்தில் சிவப்பாக நிற்கும். பழத்திலும் அரிசியிலும் இருக்கிற குளுக்கோஸ் அதற்குக் கீழே பழுப்பாக நிற்கும்.

மூன்று அரவைப் பருவமாகச் சிவப்பு மட்டும்தான் வந்தது. பழுப்பு வரவே இல்லை.

"சிவப்பை வெச்சு நாம இன்னா செய்யறது?" என்று கேட்டார் ஜெபரத்தினம். ஆலையின் தலைமை கெமிஸ்ட். கழுத்துவரை பட்டன் போட்ட மனுஷர், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், கத்தமாட்டார். "ஈஸ்ட் அதைத் தொடாதும்மா. பழுப்பு வந்தாத்தான் ஈஸ்ட் சாப்பிடும், சாராயம் ஆகும், டைரக்டருங்க காது குடுப்பாங்க. இந்த அரவை முடிஞ்சா நான் ரிட்டயர். அதுக்குள்ள நீ பழுப்பைக் காட்டிட்டீன்னா, பின்னாடி இருக்கிற காலிக் கொட்டகையையும் பெரிய கொப்பரையையும் உன் பேருக்கு வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். எனக்கு அப்புறம் வர்றவன் அதுல சாக்குதான் அடுக்குவான்."

அந்தக் கொட்டகை அவள் கண்ணிலேயே நின்றது. தகரக் கூரை, உடைந்த ஜன்னல், உள்ளே ஒரு பூனைக் குடும்பம். அதற்குள் கொப்பரை வைத்து, சக்கை மேடு முழுவதையும் கரைத்து இனிக்கவைப்பதாகப் பகலிலேயே கனவு காண்பாள். சாப்பாட்டு மணி அடித்தும் காதில் விழாது. ஜெபரத்தினம் வாயில் கண்டிப்பு இருந்தாலும் மனசில் இல்லை. காகிதம் தொங்கவிட ஜாடி இல்லையென்று அவள் தவித்தபோது, வீட்டில் கிறிஸ்துமஸ் முறுக்கு போட்டு வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

கோமளவல்லியின் புருஷன் நாகேந்திரன் அம்மையார்குப்பத்து நெசவாளி, அவளுக்கு அத்தை மகன். அவளுக்கு பஸ் வசதி வேண்டுமென்று தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, திருத்தணி மலையடிவாரத்தில் குடிவந்தவன். பெண்டாட்டி வேலைக்காக ஊரை விட்டவன் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவன் காதில் வாங்கினால்தானே! தறியில் உட்கார்ந்துவிட்டால் வாயில் பாட்டு, காலில் மிதி, அவ்வளவுதான் அவன் உலகம்.

"இன்னா வல்லி, உன் சக்கை இன்னா சொல்லுது?"

"மொரண்டு பண்ணுது பாவா. கொதிக்கும்போது மேல மேல மெதக்குது. ஓரமெல்லாம் கருகிப்போவுது."

"அட, இதுக்கா மூஞ்சைத் தூக்கிவெச்சுகினு இருக்கே? மூட்டையா கட்டி உள்ள அமுக்கு. துணி நான் நெய்யறேன்."

நெய்தான். மற்றவர்களுக்கு நெய்கிற மாதிரியா? கொதிக்கிற தண்ணீரில் நின்று பிடிக்க வேண்டுமே என்று நெருக்கமாக நூல் விட்டு, நீளவாக்கு நூலான பாவுக்கு இரட்டைக் கஞ்சி போட்டான். அரிசியை அவனே வடித்து, அவனே பூசி, வாசலில் பாவை நீட்டிக் காயவைத்தான். துணி பலகை மாதிரி விறைப்பாக நின்றது. கையால் தட்டினால் சத்தம் கேட்டது. அமிலத்தில் ஒரு முறை வெந்தால் துணி நைந்துபோகும், அதனால் ஒவ்வொரு தடவைக்கும் புதுத் துண்டு கிழித்துக் கொடுத்தான்.

மூட்டை கட்டி வேகவைத்த முதல் நாளே, ஜாடியிலிருந்து எடுத்துச் சூடு காட்டிய காகிதத்தில் சிவப்புப் புள்ளிக்குக் கீழே மங்கலாக இன்னொன்று எழுந்தது. பழுப்பு! கோமளவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே ஓடிப்போய்ச் சக்கை மேட்டைப் பார்த்தாள். மறுபடி உள்ளே வந்து காகிதத்தைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுநாளும் பழுப்பு. அடுத்த வாரமும் பழுப்பு. மூட்டைக்குள் சூடு அடங்கி நிற்பதால்தான் நார் இளகுகிறது என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். ஜெபரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"தைக் கிருத்திகை முடிஞ்சதும் டைரக்டர் வரதராஜன் வர்றாரும்மா. கொட்டகை சாவிய உன் கையில குடுக்கச் சொல்லிடறேன்" என்றார்.

நாகேந்திரனுக்கு வாயெல்லாம் பல். பழுப்பு வந்தால் புஷ்பக் காவடி எடுப்பதாக அவன் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரியும். கிருத்திகையன்று காலையில் சாமந்தியும் அரளியும் கட்டிய காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினான். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "நம்ம துணியிலே கட்டினாத்தான் சக்கை சர்க்கரை வுடுது தெரியுமா? அரோகரா!" என்று சொல்லிக்கொண்டே போனான். வள்ளிநாயகி கூட இந்தத் தடவை சிரிக்கவில்லை, காவடிக்கு ஒரு முழம் பூ சும்மா கொடுத்தாள். கோமளவல்லி பின்னாலேயே ஏறினாள். மஞ்சள் வெயிலில் படி முழுக்கக் காவடிகள் ஆடி ஆடி மேலே போயின. பூ வாசனையும் கற்பூரப் புகையும் கலந்து, அவளுக்குத் தான் ஜாடிக்குள் ஏறிக்கொண்டிருப்பது போல இருந்தது. இவ்வளவு சந்தோஷம் ஒரு ஆளுக்கு ஆகுமா என்று பயமாகக்கூட இருந்தது.

இறங்கும்போது நாகேந்திரன் சிதறுகாய் ஓட்டை மிதித்துவிட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் ஆழமாகக் கிழித்திருந்தது.

"காட்டு பாவா, டிஞ்சர் போடறேன்."

"எரியும்டி."

"காவடி தூக்குன ஆளுக்கு இதுகூடத் தாங்காதா? நீட்டு காலை."

கட்டுப் போடத் துணி தேடினாள். மூட்டைத் துணியில் மிஞ்சிய புதுத் துண்டுதான் கைக்கு அகப்பட்டது. அதில் ஒரு நாடா கிழித்து மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சில் டிஞ்சரை நனைத்தாள். நாகேந்திரன் காலை உதறினான். பஞ்சு வழுக்கி, டிஞ்சர் அந்த நாடாவின் மேல் சொட்டியது.

சொட்டிய இடம் நீலமாயிற்று. கறுப்பு கலந்த அடர்ந்த நீலம்.

"முருகா!" என்று கைகூப்பினான் நாகேந்திரன். "பார்த்தியா வல்லி? மயில் நிறம்! காவடி எடுத்த அன்னிக்கே வந்து ஒக்காந்துகினு இருக்குது பாரு!"

கோமளவல்லி சும்மா ஒரு 'ஆங்' போட்டாள். நாடாவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். டிஞ்சரில் இருப்பது அயோடின். அயோடின் பட்டால் கஞ்சி நீலமாகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும் இது! கஞ்சி என்பது அரிசி. அரிசி அமிலத்தில் வெந்தால் குளுக்கோஸ். இத்தனை நாளாக அவள் சக்கையை மட்டுமா வேகவைத்தாள்? புருஷன் போட்ட இரட்டைக் கஞ்சியையும் அல்லவா சேர்த்து வேகவைத்திருக்கிறாள்! வெறும் பாத்திரத்தை, வெறும் தண்ணீரை, எல்லாவற்றையும் சோதித்தவள் வெறும் துணியைச் சோதிக்கவில்லை. எப்படித் தோன்றும்? நெசவு வீட்டில் பிறந்து, கஞ்சி வாசனையில் வளர்ந்து, கஞ்சித் துணியிலேயே தூளி கட்டித் தூங்கியவளுக்குத் துணி வேறு கஞ்சி வேறு என்று எந்த நாளில் தோன்றியது? துணி என்றாலே கஞ்சி போட்டதுதான். வேறு யார் வீட்டுப் பெண்ணாவது இருந்திருந்தால் இப்படி ஏமாந்திருக்கமாட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் அந்த நீல நாடா அவள் சாப்பாட்டுப் பையில் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? கொட்டகை முதலில் கைக்கு வரட்டும். பிறகு நிஜமான பழுப்பைத் தேடிக்கொண்டால் போயிற்று. பாவா ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, காவடியும் எடுத்தாகிவிட்டது. சாருக்கும் நல்ல பேரோடு வீட்டுக்குப் போக ஆசை இருக்காதா? இப்படியே தனக்குத் தானே வக்கீலாகப் பேசிக்கொண்டு வந்தவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்தாள்.

கனவில் சக்கை மேட்டுக்குப் படிக்கட்டு இருந்தது. வெளிறிய மலை, மேலே ஆவி. சிவப்புச் சேலை கட்டிய பெண்கள் கூட்டமாக உச்சியில் போய் நின்று அவளைக் கைநீட்டிக் கூப்பிட்டார்கள். பாதிப் படியில் பழுப்புச் சேலைக்காரிகள் கொஞ்சம் பேர் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்கல்லாம் எந்த ஊருங்க?" என்று கேட்டாள் கோமளவல்லி. "நாங்களா? நாங்க அரிசிம்மா. அம்மையார்குப்பத்துக்காரர் கூட்டியாந்தாரு. நீ கூப்பிடறியேன்னு வந்தோம்" என்றார்கள், ரொம்ப மரியாதையாக. உச்சியில் நின்றவர்கள் இன்னும் கைநீட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று கனவிலேயே வெட்கமாக இருந்தது. கனகம்மாசத்திரம் வந்துவிட்டதென்று கண்டக்டர் கத்தியதில் விழித்துக்கொண்டாள். விழித்தபோது வக்கீல் பேச்செல்லாம் போயிருந்தது.

அன்று காலை இரண்டு சட்டி ஏற்றினாள். ஒன்றில் மூட்டை கட்டாத வெறும் சக்கை. இன்னொன்றில் சக்கை இல்லாத வெறும் துணி. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, இரண்டு காகிதத்தை முறுக்கு ஜாடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டாள். பகல் முழுக்க ஈரம் ஏறியது. அவள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். ஆலையின் இரைச்சல் எங்கேயோ தூரத்தில் கேட்கிற கடல் மாதிரி இருந்தது. துணியின் காகிதத்தில் எதுவும் வரக்கூடாதே என்று ஒரு மனசு கெஞ்சியது. இன்னொரு மனசு பேசாமல் இருந்தது.

சாயந்திரம் ஜெபரத்தினம் வந்தபோது இரண்டு காகிதமும் மேசைமேல் கிடந்தன. சக்கையின் காகிதத்தில் சிவப்பு மட்டும். துணியின் காகிதத்தில் பழுப்பு மட்டும். அவள் நீல நாடாவை எடுத்துப் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

"தெரிஞ்சிருக்காதுங்க சார். ஆனா கொப்பரை அளவுக்குப் பெரிய மூட்டை கட்டினா, அத்தனைக்கும் எங்க வூட்டுக்காரரு கஞ்சி காய்ச்சணுமே."

ஜெபரத்தினம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பினால் வந்ததா, வேறு எதனால் வந்ததா, அவரையே கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

"வரதராஜன்கிட்ட நானே சொல்லிடறேன். கொட்டகை போச்சும்மா."

"ஆங், சார்."

"ஜாடி ஆலையோடது இல்ல, எங்க வூட்டுது. நீ எடுத்துட்டுப் போ. பழுப்பு சக்கைக்குள்ளதான் இருக்குது. இதைவிட பலமா வேகவைக்கணும், அவ்ளோதான். ஆண்டவர் உனக்கு ஆயுசு குடுப்பாரு."

கொட்டகையைக் கடந்துதான் கேட்டுக்குப் போக வேண்டும். உடைந்த ஜன்னலில் பூனை உட்கார்ந்திருந்தது. கோமளவல்லி அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜாடியைக் குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாவாவிடம் எப்படிச் சொல்வது என்பதே வழி முழுக்க யோசனை. கொட்டகை போனதைக்கூடத் தாங்கிவிடலாம். அவன் ஆசை ஆசையாக நெய்து கொடுத்ததுதான் அவளைக் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வாள்?

நாகேந்திரன் கட்டுப் போட்ட காலை நீட்டித் தறிமேல் உட்கார்ந்திருந்தான். ஜாடியைப் பார்த்ததும், "சாவி எங்க?" என்றான்.

சொன்னாள். ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அந்தப் பழுப்பு சக்கையோடது இல்ல பாவா. உன் கஞ்சியோடது. அது மயிலும் இல்ல. கஞ்சிமேல டிஞ்சர் பட்டா அப்படித்தான் ஆவும்."

அவன் தறிக்கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தான். கோமளவல்லிக்கு அழுகை முட்டியது.

"அப்போ மலைமேல போயி நான் நன்றி சொன்னது பொய்யா?"

"எனக்குத் தெரியல பாவா."

"ஊரெல்லாம் சொல்லிகினு போனேனே, நம்ம துணியிலே கட்டினாத்தான் சர்க்கரை வுடுதுன்னு."

"அது மட்டும் நெஜம்தான்" என்றாள் அவள். சொன்ன மாத்திரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். "செவப்பு இருக்குதுல்ல? அது என்னுது இல்லியே?" என்று கேட்டான்.

"இல்ல. அது சக்கையோடதுதான்."

"அப்போ சரி" என்றான். எது சரி என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த நாட்களில் வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை. கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மிஞ்சியிருந்த துணி முழுவதையும் நாகேந்திரன் தொட்டியில் ஊறப்போட்டிருந்தான். தண்ணீர் புளித்து நுரைத்தது, கொட்டினான். சலவைச் சோடாவைப் போட்டுக் கொதிக்கவைத்தான், கல்லில் அடித்தான், அலசினான், மறுபடி ஊறப்போட்டான். நெசவாளி எவனும் தன் துணியின் கஞ்சியைத் தன் கையாலேயே எடுக்கமாட்டான். அது பெற்ற பிள்ளையை உரித்துக் காட்டுகிற மாதிரி. துணி விறைப்பெல்லாம் போய், நெளிந்து, அவன் கைமேல் தொங்கியது. தெருக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, நல்ல துணியைப் பாழாக்கிகினு இருக்கே" என்றார்கள். அவன் பாட்டை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காய்ந்ததும் கொண்டுவந்து அவள் எதிரில் விரித்தான். கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு கூட்டியிருந்தான். முறுக்கு ஜாடியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தான். பக்கத்தில் ஆலையிலிருந்து அவள் கேட்டு வாங்கிவந்த சக்கைச் சாக்கு. தகரக் கூரை இல்லை, கொப்பரை இல்லை. மேலே மலை தெரிந்தது, கோயில் மணி கேட்டது.

"டிஞ்சர் எடுத்தா" என்றான். "நானே வுடறேன்."

சீசாவைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். சொட்டு விரிந்தது. மஞ்சளாக, வெறும் டிஞ்சர் நிறத்தில், அப்படியே நின்றது. இன்னொரு இடத்தில் விட்டான். அங்கேயும் மஞ்சள்தான். மலைமேல் அவ்வளவு கூட்டத்தில் கைகூப்பிய மனுஷன், அதே முகத்தோடு வெகுநேரம் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மயில் வரல வல்லி" என்றான்.

"வரல பாவா" என்றாள் கோமளவல்லி. கொட்டகைச் சாவி கைக்கு வந்திருந்தால்கூட அவள் இப்படி அழுதிருக்கமாட்டாள்.

அவன் துணியை அவள் மடியில் போட்டுவிட்டு, சக்கைச் சாக்கைப் பிரிக்க எழுந்து போனான்.